கொரில்லா என்று அழைத்தவர்கள்

வியாழக்கிழமை மதியம் ரெமிஜியஸ் அண்ணன் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக அச்சடிக்கப்போகும் ஃபிளெக்ஸின் மாதிரி அது. நான் அப்போது பெங்களூர் மல்லேஸ்வரத்தில், வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்தேன். எதிரே முட்டிவலிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பாக ஒரு கொரில்லா, இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறது. கைகளில் கோல்கீப்பர் கையுறை. கழுத்துக்கு மேலே என் முகம். கீழே தீப்பற்றி எரிவது போன்ற எழுத்தில் 'கொரில்லா' என்று ஒரே சொல். ஓரத்தில் ஸ்பான்சர் ஜிம்மின் சின்னம். என் பெயர் எங்கேயும் இல்லை.

என் பெயர் லாவண்யா. கிளினிக்கில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அம்மாவும் அப்படித்தான். ஒக்கலிபுரம் மைதானத்துக்குள் கால் வைத்தால் மட்டும், ஏழு வருஷமாக, நான் கொரில்லா.

"எப்படி இருக்கு பாப்பா? சக்கத்தா இருக்குல்ல?" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்.

நான் பதில் போடவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக வரும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த முட்டிவலிக்காரரை உள்ளே அனுப்பினேன். ஆனால் முடிவு அப்போதே வந்துவிட்டது. இந்தப் படம் மேலே ஏறக்கூடாது. இந்தப் பெயரும் இனி வேண்டாம். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோன்றியது.

நஷ்டம் சின்னதில்லை. எங்கள் 'பாலத்தடி' பெண்கள் கால்பந்து அணி முதல்முறையாக மாநில லீக்குக்குப் போகிறது. ஆட்டங்கள் மங்களூரிலும் பெலகாவியிலும் நடக்கும். பஸ், தங்குமிடம், ஜெர்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக பரத் என்ற ஜிம்காரர் சொல்லியிருக்கிறார். அவருடைய ஜிம்மின் சின்னமே கொரில்லா. பெங்களூரில் இருக்கும் இத்தனை அணிகளில் அவர் எங்களைத் தேடி வந்தது என் பட்டப்பெயரைக் கேட்டுத்தான். நான் வேண்டாம் என்றால் அவர் போய்விடலாம். அவர் போனால் அணி லீக்குக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் புது ஜெர்சியை அறிமுகப்படுத்துவதற்காக அவரே ஏற்பாடு செய்தது.

எங்கள் மைதானத்தில் பெயர் வைப்பது மைக். ரெமிஜியஸ் அண்ணன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணம், சர்ச் திருவிழா, சாவு எதுவானாலும் அவர் ஸ்பீக்கர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காசு வாங்காமல், நடுக்கோட்டுக்கு நேரே மேசை போட்டு உட்கார்ந்து, தமிழும் கன்னடமும் கலந்து ஆட்டத்தை வர்ணிப்பார். சொந்தப் பெயர்கள் அவருக்கு ஆகாது. சொந்தப் பெயரில் கூட்டம் நிற்காது என்பார். எங்கள் கேப்டன் தர்ஷினிக்கு 'மிக்சி'. நடுக்களத்தில் அவளிடம் மாட்டினால் அரைத்துவிடுவாள். ஸ்னேஹாவுக்கு 'சிக்னல்', எதற்கெடுத்தாலும் ஆஃப்சைடு என்று கையைத் தூக்குகிறவள். ஆண்கள் அணியில் 'பவர்கட்' என்று ஒருவர். இருபது நிமிஷத்துக்குமேல் ஓடமாட்டார். அவருடைய கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்திலேயே பவர்கட் என்று அச்சடித்திருந்தார்கள். பெண்வீட்டார் மின்வாரியத்தில் வேலை போல என்று நினைத்தார்களாம்.

மைக்கில் ஒருமுறை வந்த பெயரை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அதைவிட மோசமாக ஒன்று வரும்.

எனக்குப் பெயர் வந்தபோது பதினேழு வயது. மழை பெய்து சேறாகக் கிடந்த மைதானம். எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்துவிட்டாள். நான் கோலை விட்டு வெளியே ஓடினேன். கையை விரித்துக்கொண்டு, என்னை அறியாமல் ஏதோ கத்திக்கொண்டு ஓடினேன். அவள் அடித்த பந்து என் நெஞ்சில் பட்டு வெளியே போனது. மைக்கில், "யாரும்மா அது, கொரில்லா மாதிரி வருது... வழிவிடு, வழிவிடு, கொரில்லா வருது" என்றார். கூட்டம் விசிலடித்தது. எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைக்க முடியாது. என் நிறத்துக்கும் உயரத்துக்கும் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் ஏற்கெனவே பல பெயர்கள் இருந்தன. விசிலோடு வந்தது இது ஒன்றுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆடப் போனோம். ரெமிஜியஸ் அண்ணனும் மைக்கோடு வந்தார். கோல்கீப்பருக்கு ஆட்டத்தில் பாதி நேரம் வேலை இருக்காது. பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் நான் தனியாள். அந்தத் தனிமைக்காகத்தான் நான் கோலில் நிற்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கோலுக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்கு மிக அருகில் நிற்பவளும் நான்தான். அன்று அங்கே இருபது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் என் பெயர் வந்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சில் குத்திக்கொண்டு ஹூ ஹூ என்றார்கள். உரித்த வாழைப்பழம் ஒன்று வலையில் வந்து ஒட்டியது. தூரத்தில் மேசையில் உட்கார்ந்திருந்த ரெமிஜியஸ் அண்ணன், கூட்டம் என்னை உற்சாகப்படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டு, "அப்படித்தான் கொரில்லா, வுடாத கொரில்லா" என்றார். அவர் சொல்லச் சொல்லப் பின்னால் சத்தம் கூடியது. ஒரே சொல், முன்னாலிருந்து பாசமாகவும் பின்னாலிருந்து வேறாகவும் வந்துகொண்டிருந்தது. நான் நடுவில் நின்றேன். நாங்கள் ஜெயித்தோம். பஸ்ஸில் எல்லாரும் பாடினார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நான் எப்போதும் அப்படித்தான் உட்காருவேன் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன். ஏழு வருஷம் என்மேல் இருந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்றாவது தெரிய வேண்டாமா? கிளினிக்கில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கும். அந்த இடைவெளிகளில் நான் எதையாவது படித்துக்கொண்டுதான் இருப்பேன். அந்த மாதம் முழுக்க இதைப் படித்தேன்.

ஆப்பிரிக்கக் காட்டுக்குள்ளிருந்து வந்த சொல் என்று நினைத்திருந்தேன். கடல்வழியாக வந்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஆப்பிரிக்காவின் வடகரையில் இருந்த கார்த்தேஜ் என்ற நகரத்திலிருந்து ஹன்னோ என்ற தலைவன் கப்பல்களோடு மேற்குக் கரையோரமாகத் தெற்கே போயிருக்கிறான். அந்தப் பயணத்தைப் பற்றிய சின்னக் குறிப்பு ஒன்று கிரேக்க மொழியில் மிஞ்சியிருக்கிறது. அதன் கடைசியில் ஒரு தீவு வருகிறது. தீவு நிறையக் காட்டு மனிதர்கள். அதிகம் பேர் பெண்கள். உடம்பெல்லாம் ரோமம். கப்பலில் கூட வந்த துபாஷிகள் அவர்களுக்குச் சொன்ன பெயர்தான் கொரில்லாய். கப்பல்காரர்கள் துரத்தியிருக்கிறார்கள். ஆண்கள் பாறைகளில் ஏறி, கல்லெறிந்து தப்பிவிட்டார்கள். மூன்று பெண்கள் அகப்பட்டார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களைக் கடித்தார்கள், கீறினார்கள், கூடப் போக மறுத்தார்கள். அவர்களைக் கொன்று, தோலை உரித்து, ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தோல்கள் கார்த்தேஜின் ஒரு கோயிலில் வெகுகாலம் காட்சிக்கு இருந்தன என்று பின்னால் வந்த ரோமானியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அந்தத் தீவில் இருந்தவர்கள் மனிதர்களா குரங்குகளா, குரங்கு என்றால் எந்தக் குரங்கு, இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்கு ஒரு பெரிய மண்டையோடு கிடைக்கிறது. அதுவரை அறிவியலில் இல்லாத குரங்கு. அந்த ஊர்க்காரர்கள் அந்த விலங்குக்கு வைத்திருந்த பெயரை அவர் கேட்டு எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் விலங்குக்குச் சூட்டியது, அந்தப் பழைய கப்பல் குறிப்பில் இருந்த பெயரை. அப்படித்தான் அது கொரில்லா ஆனது.

இதைப் படித்த பிறகு பல நாள் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை. கொரில்லா என்பது கேவலமான விலங்கு என்று நான் நினைக்கவில்லை. வீடியோக்களில் பார்த்திருக்கிறேன், யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முகம் எனக்குப் பிடிக்கும். என்னைத் தின்றது அந்த மூன்று பெண்கள். அவர்களோடு யாரும் பேசவில்லை. என்ன என்று கூப்பிடுவது என்று அவர்களிடமே கேட்கவில்லை. இன்னொருவன் சொன்ன பெயரை எழுதிக்கொண்டு, தோலை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கூடப் போக மறுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெமிஜியஸ் அண்ணன் கடைக்குப் போனேன். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வா வா கொரில்லா. டீ சொல்லவா?"

"வேணாம் ணா. அந்த ஃபிளெக்ஸ் வேணாம்னு சொல்ல வந்தேன்."

"மூஞ்சி சரியா வரலையா? நான் அப்பவே சொன்னேன் டிசைன் பண்றவன்கிட்ட, கொஞ்சம் வெளுப்பாக்கு ராஜான்னு."

"மூஞ்சி இல்ல ணா. பேரு. அந்தப் பேர்ல இனிமே கூப்பிடாதீங்க."

ஒயர் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, வீட்ல மாப்பிள்ள பாக்கறாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? மிக்சி பேஜாராவறாளா? பவர்கட்டு பேஜாராவறானா? ஏழு வருஷமா கூப்பிடறேன். ஒருநாளாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கியா?"

"சொல்லல."

"அப்ப?"

"இப்ப சொல்றேன்."

கல்லூரி மைதானத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. ஒயரைத் தரையில் வைத்துவிட்டார்.

"எனக்கு அங்கேர்ந்து கேக்கலம்மா" என்றார் மெதுவாக. "ஸ்பீக்கர் சத்தம் எம்பக்கம்."

"தெரியும் ணா."

"அந்த நாய்ங்க கத்துதுன்னு நாம நம்ம பேர வுட்டுர்றதா? ஆசையா வச்சேம்மா. எத்தன பேருக்கு எவ்ளோ பேரு வச்சிருக்கேன், உன் பேரு மாதிரி ஒண்ணு அமையல."

"ஆசையா வச்சீங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"சரி, புலின்னு வச்சிக்கலாமா? டைகர். எகிறும்."

"என் பேரச் சொன்னாப் போதும் ணா."

வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கண்கள் மேலே ஸ்பீக்கர் பெட்டிகளில் எதையோ தேடின. "லா... லலிதாவா?" என்றார். இல்லையென்று தலையசைத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கம் உடனே கோபமாக மாறியது.

"அதெல்லாம் மைக்ல எடுக்காதும்மா. அப்புறம் இது என் கையிலயும் இல்ல. எல்லாம் பாத்துக்கறது அந்த பரத் சாரு. அவரப் போயி கேளு."

ஒயரை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்தான். அவராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பரத்தின் ஜிம் மல்லேஸ்வரத்தில், கிளினிக்கிலிருந்து நான்கு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஈரோட்டுக்காரர். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டு ஜிம் ஆரம்பித்தவர். சனிக்கிழமை காலை போனபோது, "வாங்க சாம்பியன்" என்று எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். மரியாதை தெரிந்தவர். அதனால்தான் அவரிடம் முழுதாகச் சொன்னேன். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்பதில் ஆரம்பித்து, கல்லூரி மைதானம், பிறகு ஹன்னோ, தீவு, மூன்று பெண்கள், எல்லாம். அவர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"செம கதைங்க இது" என்றார். "இத்தன வருஷமா லோகோ வச்சிருக்கேன், எனக்கே தெரியாதுங்க."

எழுந்துபோய் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

"கடிச்சாங்க, கீறுனாங்க, கூட வரல. 'கூட வரமாட்டா.' இதுதாங்க டேக்லைன். மூணு பொண்ணுங்க, நம்ம டீம்ல மூணு பிளேயர், மூணு ஃபிளெக்ஸ். நடுவுல நீங்க. நீங்களே இந்தக் கதைய சொல்ற மாதிரி ஒரு ரீல்."

"அவங்க தோல என்ன பண்ணாங்கன்னு சொன்னேன்ல சார்?"

"அத விட்டுடலாங்க. நெகட்டிவா இருக்கும்."

பலகையில் பச்சை மையில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தார். நடுக்கட்டத்துக்குள் 'கொ' என்று எழுதியிருந்தார். கோபம் வரவில்லை. கிளம்பும்போது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

"உங்க லோகோ உங்க ஜிம்முது. டீம் சரின்னா நெஞ்சுல போட்டுக்கறேன். என் முதுகுல என் பேரு இருக்கணும். ஃபிளெக்ஸ் வேணாம். மைக்ல அந்தப் பேரு வேணாம். அவ்ளோதான் சார்."

மார்க்கரை மூடினார். "ஏங்க, கொரில்லா இல்லன்னா நான் எதுக்குங்க இந்த டீமுக்கு வரணும்?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "யோசிங்க. நாளைக்குப் பாக்கலாம். ஃபிளெக்ஸு நேத்தே அடிச்சாச்சுங்க" என்றார்.

சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் தர்ஷினியை நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். பந்தைக் காலுக்கடியில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு ஒரு பேரு. எங்களுக்கு ஒரு லீக்கு. எது பெருசுன்னு நீயே சொல்லு."

"லீக்குதான்."

"அப்புறம் என்னடீ? என்ன மிக்சிங்கறாரு அண்ணன், நான் ஓடி வரல?"

"மிக்சின்னு சொல்லி உம்மேல யாரும் எதையும் எறியல."

அவள் அன்றைக்கு நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். வலையில் என்ன ஒட்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. சொன்னேன். பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பஸ்ஸுல சொல்றதுக்கு என்ன?" என்றாள் கடைசியில். "சரி, நாளைக்கு என்ன பண்ணப்போற?"

"பந்து என் கைல இருக்கும்போது மைக்ல அந்தப் பேரு வந்தா, பந்த வுடமாட்டேன்."

"எட்டு செகண்டுக்குமேல வச்சிருந்தா கார்னர் குடுப்பான் ரெஃப்ரி ரவி. புது ரூல படிச்சிட்டு வந்து யார்மேல காட்டலாம்னு அலையறான்."

"தெரியும்."

"கோல் வுழும்."

"புடிப்பேன்."

"எத்தன புடிப்ப? வுழும்டீ."

"வுழட்டும்."

"நான் உன்ன வெளிய உக்கார வச்சிட்டா?"

"வையி. நீதான் கேப்டன்."

அவள் பந்தை ஓங்கி, மைதானத்தை ஒட்டிய ரயில்வே சுவரில் உதைத்தாள். அது திரும்பி வருவதற்குள் போய்விட்டாள். இரவு அணிப் பட்டியலை அனுப்பினாள். என் பெயர் கோலில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹெப்பகோடி தொழிற்சாலைப் பெண்கள் அணியோடு ஆட்டம். நான் போனபோது ஃபிளெக்ஸ் ஏற்கெனவே ரயில்வே சுவரில், சரியாக என் கோலுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைவிட இரண்டு மடங்கு உயரம். மைக் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் பரத். ரெமிஜியஸ் அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. நான் பழைய ஜெர்சியோடு, கையுறையை மாட்டிக்கொண்டு ஃபிளெக்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

முதல் பந்து சுலபமாக வந்தது. நெஞ்சோடு பிடித்தேன்.

"புடிச்சாச்சு! பந்து எங்க? கொரில்லா கைல. எட்றா விசில!"

நான் பந்தை அணைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பெண்கள் முன்னால் ஓடித் திரும்பி, கையை நீட்டிக் காத்திருந்தார்கள். ரவி கையை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். விசில். கார்னர்.

கூட்டம் சிரித்தது. "கொரில்லாவுக்குப் புது ரூலு தெரியாது போலக்குது" என்றது மைக்.

கார்னர் உயரமாக வந்தது. எல்லார் தலைக்கும் மேலே எழும்பிப் பிடித்தேன். மறுபடியும் அந்தப் பெயர். மறுபடியும் நின்றேன். ரவி பக்கத்தில் வந்து, "என்னம்மா, எண்ண வரலையா?" என்று கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். ஸ்னேஹா பாதி மைதானத்திலிருந்து ஓடி வந்தாள். "ஏய், பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? அடி!" நான் அவளைப் பார்த்தேன். அடிக்கவில்லை. விசில்.

இந்தக் கார்னரில் ஹெப்பகோடி அணியின் உயரமான பெண் ஒருத்தி தலையால் முட்டினாள். என் விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. கோல். எங்கள் பெண்கள் என் முகத்தையே பார்க்காமல் நடுக்கோட்டுக்குப் போனார்கள். தர்ஷினி மட்டும் இடுப்பில் கை வைத்து நின்று என்னைப் பார்த்தாள். இவர்கள் ஒவ்வொருவரும் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் எழுந்து இந்த மைதானத்துக்கு வந்தவர்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த பந்து தரையோடு வந்தது. விழுந்து பிடித்து எழுந்தேன்.

"புடிச்சாச்சு... கொ..." என்ற மைக் நின்றது.

ஸ்பீக்கர்களில் இரைச்சல் மட்டும் கேட்டது. ரெமிஜியஸ் அண்ணன் ஆட்டத்தின் நடுவில் பேசாமல் இருந்து அந்த மைதானம் கேட்டதே இல்லை. டீக்கடைப் பக்கம் நின்றவர்கள்கூட மைக் பழுதாகிவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்கள். பரத் அவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டவில்லை. ரவியின் கை உயர்ந்தது. ஒரு விரல் மடங்கியது. இன்னொன்று.

"பாப்பா" என்றது மைக். வர்ணனைக் குரல் இல்லை. கடையில் பேசுகிற குரல். "உன் பேரு என்னம்மா?"

"லாவண்யா" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை என்பது அவர் கழுத்தை நீட்டியதில் தெரிந்தது. விசில் ஊதியாகிவிட்டது, கார்னர். நான் திரும்பக் கத்துவதற்குள் நடுக்களத்திலிருந்து தர்ஷினி மேசையைப் பார்த்துக் கத்தினாள்.

"லாவண்யா ணா! லா-வண்-யா! சீக்கிரம் சொல்லித் தொலைங்க, இன்னொரு கோல் வுழப்போவுது!"

கூட்டம் சிரித்தது. மைக்கில் ஒரு செருமல்.

"ஹெப்பகோடிக்கு கார்னரு. கோல்ல நிக்கறது நம்ம லாவண்யா."

கூட்டத்திலிருந்து விசில் ஒன்றும் பறக்கவில்லை. அந்தப் பெயரில் அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. பந்து வளைந்து வந்தது. பிடித்தேன். பிடித்த வேகத்திலேயே தர்ஷினியின் காலுக்கு எறிந்தேன்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். இடைவேளையிலேயே பரத் கிளம்பிவிட்டார். போகும்போது தர்ஷினியிடம் கைகொடுத்து, "நான் கூப்பிடறேங்க" என்றாராம். கூப்பிடமாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆட்டம் முடியும்போது தூறல் ஆரம்பித்தது. ரெமிஜியஸ் அண்ணன் ஏணி போட்டு ஃபிளெக்ஸைத் தானே அவிழ்த்தார். படம் உள்பக்கம் போகும்படி மடித்து, ஆம்ப்ளிஃபையர்மேல் போர்த்திக் கட்டினார். என் பக்கம் பார்க்காமல் ஒயரைச் சுற்றத் தொடங்கினார். அவருக்கு இன்னும் வருத்தம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது ஆற நாளாகும்.

தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூவை அவிழ்த்தாள்.

"மேட்ச் போச்சு. ஸ்பான்சர் போச்சு."

"ம்."

"இந்த 'ம்'ம மொதல்ல வுடு. லீக்கு இன்னும் போவல. ஹெப்பகோடிப் பொண்ணுங்க ஸ்பான்சருக்கு ஒரு கம்பெனிக்காரரு பேரு குடுத்திருக்காங்க, நாளைக்குப் போயி பாக்கணும். அவரு இல்லன்னா இன்னொருத்தரு. நானும் வரேன். ஆனா பேசறது நீ."

"நானா?"

"பின்ன யாரு? கெடுத்தது நீதான? ஏழு வருஷமா பேசாம சேத்து வச்சிருக்கல்ல, எல்லாத்தையும் அங்க பேசு."

ஸ்னேஹா தூரத்தில் நின்று இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.